அத்தான் கடை பேட்டரி

அந்தக் கடைத்தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊசி என்றால்தான் தெரியும். பெயர் வைத்தது அக்காவின் கணவர். பத்தொன்பது வயதில் அவருடைய செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, எறும்புத் தலை அளவுள்ள ஸ்க்ரூக்களை அவள் ஒன்று தவறாமல் கழற்றி வரிசையாக அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "இது கையா, ஊசியா?" என்றார் அவர். அன்றிலிருந்து ஊசி. வருகிறவர்களுக்கு ஊசியக்கா. தான் வைத்த பெயர் ஒரு நாள் தன்னையே குத்தும் என்று அத்தான் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கடை சின்னது. முன்பக்கம் கண்ணாடி மேசை. அதற்குப் பின்னால் அக்கா, கல்லாப் பெட்டியும் ரசீதுப் புத்தகமுமாக. தட்டி மறைப்புக்கு உள்ளே ஊசி, ஒரு வளைகழுத்து விளக்கு, ஒரு சூட்டுத் தட்டு, சுவரெல்லாம் டப்பாக்கள். அத்தானுக்கு இடம் வாசல். வருகிறவர்களிடம் பேசுவதுதான் அவர் தொழில். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு அழாத குறையாக வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள். போன் சரியாகியிருக்குமா என்பது வேறு விஷயம்.

பேட்டரி மாற்றுவது ஊசிக்குப் பிடித்த வேலை. போனைச் சூட்டுத் தட்டில் வைத்துப் பின்கண்ணாடியின் பசை இளகும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி படாரென்று விரிந்துவிடும். இளகியதும் மயிரிழை அளவு தூக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, ஓரம் ஓரமாகச் சுற்றி வர வேண்டும். திறந்தவுடன் முதல் காரியம் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. பிறகு அடியிலுள்ள பசை நாடாவை ஒரே சீராக இழுக்க வேண்டும். நாடா பாதியில் அறுந்தால் ஸ்பிரிட் இரண்டு சொட்டு விட்டு, ஊறவைத்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் பேட்டரியைக் கிளப்ப முடியும். பொறுமை கெட்டு இரும்பை விட்டு நெம்பினால் புகைதான். ஐந்து வருஷத்தில் ஊசி ஒரு பேட்டரியில்கூடக் கீறல் போட்டதில்லை.

புதுசை மாட்டியதோடு வேலை முடியாது. புது பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பது போனுக்குத் தெரியாது. பழைய நினைப்பிலேயே சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும். தானாக அணையும் வரை ஒரு தடவை இறக்கி, சற்று ஆறவிட்டு, நடுவில் பிடுங்காமல் நூறு வரை ஏற்றி, நூறான பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டால்தான் அதற்குப் பிடிபடும். இதற்குக் காலிபரேஷன் என்று பெயர். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தான் தெரு முழுவதையும் ஏமாற்றினார்.

ஊசி சேர்ந்த மூன்றாவது வருஷம் அவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு பை நிறைய பேட்டரிகள். எல்லாம் எங்கெங்கோ கழற்றிப் போட்டவை. மேலுறையை உரித்துப் புது உறை சுற்றியிருந்தது.

"பேட்டரியை இதுல மாட்டி இந்தப் பட்டனை அழுத்து. எத்தனை தடவை சார்ஜ் ஏறியிருக்குங்கிற எண்ணிக்கை பூஜ்யமாயிடும். போன்ல மாட்டினா ஆரோக்கியம் நூறுன்னு காட்டும்."

"உள்ளே இருக்கிறது பழசுதானே அத்தான்?"

"போனே புதுசுன்னு சொல்லுது. போனைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?"

ஊசி அழுத்தினாள். தெரியாமல் செய்தாள் என்று சொல்வதற்கில்லை. தெரிந்துதான் செய்தாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவளும் அம்மாவும் அக்கா வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சொன்னால் சொன்னதுதான். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு என்று அழுத்தினாள். போகப் போக விரல் தானாகவே அந்தப் பட்டனைத் தேடிப் போக ஆரம்பித்தது.

போன மச்சான் திரும்பி வந்தான் கதையாக, மாற்றிக்கொண்டு போனவர்கள் பத்தாம் நாள் வந்து நிற்பார்கள். "காலையில நூறு காட்டுதுங்க. மத்தியானம் நாப்பதுல இருக்கும்போதே பொசுக்குனு அணைஞ்சுடுது."

அத்தான் கலங்கவே மாட்டார். "காலிபரேஷன் ஆகலை சார். மூணு தடவை முழுசா இறக்கி முழுசா ஏத்துங்க. அப்புறம் பாருங்க, குதிரை மாதிரி ஓடும்." அவர்களும் வீட்டுக்குப் போய் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு மறுபடி வருவதற்குள் ஒரு மாத வாரண்டி முடிந்திருக்கும். "அடடா, போன வியாழக்கிழமையோட முடிஞ்சுபோச்சே" என்று வந்தவர்களைவிட அதிகமாக அவரே வருத்தப்படுவார்.

ஐந்தாவது வருஷம் ஒரு வேன் டிரைவர் அந்தக் கடையில் பேட்டரி மாற்றினார். இரண்டு வாரம் கழித்து, வண்டி ஓட்டும்போது அவருடைய கால்சட்டைப் பையிலேயே போன் வெடித்துத் தீப்பிடித்தது. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் மனைவி என்று கடைக்கு வந்து நின்றார். தெருவே கூடிவிட்டது.

ஊசி தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இந்த பேட்டரிக்கு எந்தக் கிழமை பட்டனை அழுத்தினோம் என்று மனசு தேடிக்கொண்டிருந்தது. அப்போது அத்தான் தட்டியை விலக்கி அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"இவதான் மாத்தினா. என் மச்சினின்னு பாவம் பாத்து வேலை கொடுத்தேன். நான் நல்ல பேட்டரி வாங்கி வெச்சா, அதை வித்துட்டு எங்கேயோ குப்பையில கெடந்ததைப் போட்டிருக்கா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

ஊசி வாயைத் திறப்பதற்குள் டிரைவரின் மனைவி ஓங்கி ஒரு அறை விட்டாள். கண்ணுக்குள் மின்னியது. மின்னல் அடங்கியதும் ஊசி திரும்பி அக்காவைத்தான் பார்த்தாள். அந்தப் பேட்டரிப் பை எங்கிருந்து வருகிறது, யார் தூக்கி வருகிறார், எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அக்கா தலையைக் குனிந்து ரசீதுப் புத்தகத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் ஊசிக்குப் பேச வரவில்லை. பேசாததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலைக்குள் வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய படம் வந்துவிட்டது. அத்தான்தான் போட்டிருந்தார். "இந்தப் பெண்ணை யாரும் கடையில் சேர்க்க வேண்டாம். திருட்டுக் கை." ஊசி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மாடியறையை விட்டு இறங்கினாள். அம்மா கூட வருகிறேன் என்று படி வரை வந்தாள். வாடகைக்கு ஓர் அறைகூட நிச்சயமில்லாத நிலையில் எங்கே கூட்டிப் போவது? "நீ இரும்மா. நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எந்தக் கடையிலும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட போன்கள் வந்து குவியும் ஒரு கிடங்கில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு ஒரே வேலை. பேட்டரியைச் சோதனைக் கருவியில் மாட்டுவது, முழுசாக இறக்குவது, வெளியே வந்த மின்சாரம் எத்தனை மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதுவது. மேலே என்ன எண் அச்சடித்திருந்தாலும், போன் என்ன சதவீதம் காட்டினாலும், இறக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துதான் ஆக வேண்டும். இரண்டு வருஷம் இதையே செய்தாள். ஒவ்வொரு பேட்டரியும் இறங்கும்போது அத்தான் முகம் கண்முன் வந்து நிற்கும். கூட வேலை செய்தவர்கள் மதியம் கதை பேசுவார்கள். ஊசி பேச மாட்டாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். சில நாள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்துவிடுவார்.

போலீசுக்குப் போகலாமே என்று ஒரு தோழி சொன்னாள். ஊசிக்கு அதில் மனசில்லை. போலீஸ் வந்து கேட்டால் அத்தான் பேசுவார். பேச விட்டால் அவர் ஜெயித்துவிடுவார். அவரைப் பேச விடாத இடத்தில், தெரு பார்க்க, அவரை அடிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இரண்டு வருஷச் சேமிப்பில் அதே தெருவில், அத்தான் கடைக்கு நேர் எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைப் பிடித்தாள். நின்றால் தலை இடிக்கும். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் கைக்கு எட்டும். ஒரு மேசை, ஒரு முக்காலி, இரண்டு சோதனைக் கருவிகள், விற்பதற்கு நல்ல பேட்டரிகள் அடுக்கிய ஒரு சின்ன அலமாரி. பலகையில் பெரிதாக எழுதி மாட்டினாள்: "உங்கள் பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது? சோதனை இலவசம்."

முதல் நாள் அத்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "வா வா, எதிர்லயே வந்துட்டியா? கொசுக்கடிக்குக் கொசுவத்தி வெச்சாப் போச்சு" என்று பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். ஊசி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இலவசம் என்றால் யார்தான் வர மாட்டார்கள்? பேட்டரி நிற்காமல் அல்லாடுகிறவர்கள் ஒருவர் ஒருவராக வந்தார்கள். ஊசி போனைத் திறந்து, பேட்டரியை எடுத்து, முழுசாக ஏற்றி, முழுசாக இறக்கி, ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பாள். "எழுதியிருப்பது மூவாயிரம். உள்ளே இருப்பது ஆயிரத்து எழுநூற்று நாற்பது." அதோடு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எங்கே மாத்தினீங்க?"

அவ்வளவுதான். எதிர்க்கடையின் பெயரை அவள் ஒரு நாளும் தன் வாயால் சொன்னதில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுக் குனிந்து வேலையைப் பார்ப்பாள். வந்தவர் சீட்டைப் பார்ப்பார், திரும்பித் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்ப்பார், பிறகு விடுவிடுவென்று தெருவைக் கடப்பார். அந்தப் பக்கம் சத்தம் கேட்கும். ஊசி சீட்டின் நகலை ஓர் ஆணியில் குத்தி வைப்பாள். குத்தும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

நாலு மாதத்தில் அத்தானின் சிரிப்பு நின்றது. அவர் ஒரு தந்திரம் செய்தார். நிஜமாகவே நல்ல, புத்தம் புது பேட்டரி ஒன்றைத் தனக்கு வேண்டிய ஒருவரின் போனில் போட்டு அனுப்பினார். அத்தான் கடை பேட்டரி என்று சொன்னதும் ஊசி வஞ்சத்தில் குறைத்து எழுதிக் கொடுப்பாள், அதைக் காட்டி அவள் பொய்யை உடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஊசி இறக்கிப் பார்த்தாள். எழுதினாள். "எழுதியிருப்பது மூவாயிரம். உள்ளே இருப்பது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. நல்ல பேட்டரி. தைரியமாக வைத்துக்கொள்ளலாம்." எழுதும்போது மனசு கசந்தது. ஆனாலும் எழுதினாள். வந்த ஆள் அந்தச் சீட்டை டீக்கடையில் நாலு பேரிடம் காட்டினான். ஊசியக்கா விரோதிக்குக்கூடக் குறைத்து எழுத மாட்டாள் என்று பேச்சுப் பரவியது. அத்தான் அனுப்பிய ஆளே அவளுக்கு விளம்பரம் ஆகிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் அந்த வேன் டிரைவர் வந்தார்.

பழையது வெடித்த பிறகு வாங்கிய போனில் பேட்டரி மாற்ற வேண்டும் என்று வந்திருந்தார். மனைவியும் கூட வந்திருந்தாள். அவர் ஒரு காலை இழுத்து வைப்பதைப் பார்த்ததுமே ஊசிக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாளுக்கும் ஊசியின் முகம் தெரிந்துவிட்டது. "நீயா? வாங்க போகலாம்" என்று கணவரின் கையைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஊசி. முக்காலியிலிருந்து எழுந்ததில் தலை படியில் இடித்தது. "போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க. உங்க போன்ல இருந்தது பழைய பேட்டரி. அதைப் புதுசுன்னு காட்டுறதுக்குப் பட்டன் அழுத்தினது இந்தக் கைதான். அழுத்தச் சொன்னது அந்த வாய்" என்று எதிர்ப்பக்கம் காட்டினாள். "வித்துத் தின்னேன்னு சொன்னாரே, அது பொய். மத்தது நிஜம்."

டிரைவர்தான் முதலில் கேட்டார்.

"அன்னைக்கே ஏன் சொல்லலே?"

"அன்னைக்கு எங்கக்கா முகத்தைப் பாத்துட்டேன்."

டிரைவரின் மனைவி தன் கையைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அன்னைக்கு உன்னை அடிச்சேனே..."

"அடிச்சது சரிதாங்க. எனக்குப் பாதி, அவருக்குப் பாதின்னு பிரிச்சு அடிச்சிருக்கணும்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபமும் வந்தது. இந்தத் தடவை கோபம் தெருவுக்கு அந்தப் பக்கம் போயிற்று.

இதற்குள் அத்தானே தன் குழியைத் தோண்டிக்கொண்டார். எதிர்க்கடைப் பெண் பொய்ச் சீட்டு எழுதித் தன் பிழைப்பைக் கெடுக்கிறாள், அவளைத் தெருவை விட்டுக் காலி பண்ண வேண்டும் என்று சங்கத்தில் புகார் கொடுத்தார். சங்கத் தலைவர் கடிகாரக் கடைக்காரர். வளவளவென்று பேச மாட்டார். "ரெண்டு பேரும் வாங்க. பேச்சு வேண்டாம். சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார். அத்தான் கடை அலமாரியிலிருந்து தலைவரே கைவிட்டு மூடின டப்பா ஒன்றை எடுத்தார். "அவ கடை பேட்டரியையும் எடுங்க. அவ மட்டும் ஒழுங்கா?" என்று அத்தான் குதித்தார். ஊசியின் அலமாரியிலிருந்தும் தலைவர் ஒன்று எடுத்தார். இரண்டும் மூவாயிரம். இரண்டையும் தன் கடையிலேயே வைத்து முழுசாகச் சார்ஜ் ஏற்றினார்.

ஊசி டிரைவரிடம் போய்ச் சொன்னாள். "நீங்களும் வரணும்."

"என்னைக் காட்டி அவரை அடிக்கப் போறே."

"ஆமா."

"சரி, வர்றேன்" என்றார் டிரைவர்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சங்கத்து மாடியறையில் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். டிரைவர் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் அத்தான் தன் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

தலைவர் மேசைமேல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். ஊசியின் இரண்டு கருவிகளில் இடது பக்கம் அத்தான் கடை பேட்டரி, வலது பக்கம் ஊசி கடை பேட்டரி. ஊசி விளக்கினாள். மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு வீதம் இறங்கும். மூவாயிரம் நிஜமாக இருந்தால் இரண்டு மணி நேரம் ஓடும். அவ்வளவுதான் கணக்கு. சுவிட்சைத் தலைவரே போட்டார்.

முதல் அரை மணி நேரம் அத்தான் பேசினார். நான் எப்படி ஒரு சின்ன மேசையோடு தொழில் ஆரம்பித்தேன், மச்சினியை எப்படிச் சொந்த மகள் மாதிரி வளர்த்தேன் என்றெல்லாம் சொன்னார். நாலு பேர் தலையாட்டினார்கள். ஆனால் கண்ணெல்லாம் கருவியின் மேல்தான் இருந்தது. எண்கள் இரண்டும் ஒன்றாகவே ஏறிக்கொண்டிருந்தன. முந்நூறு. ஐந்நூறு. எழுநூறு. பேச்சைக் கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் அத்தானின் குரல் கம்மிப்போயிற்று. டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

ஆயிரத்தைத் தாண்டியது. யாரோ, "ஏம்பா, பெட்டு கட்டுறவங்க கட்டலாம்" என்றார். சிரித்தார்கள். ஊசி சிரிக்கவில்லை. அவள் எண்ணைப் பார்க்கவில்லை. அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி அவரை நேருக்கு நேராக, கண்ணெடுக்காமல் பார்ப்பதற்குத்தான் அத்தனை நாள் காத்திருந்தாள். அவர் நெற்றியில் வேர்வை அரும்புவதையும், கைக்குட்டையால் துடைப்பதையும், மறுபடி அரும்புவதையும் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட விட்டுவிடாமல் பார்த்தாள்.

ஒரு மணி நேரமும் நாலு நிமிஷமும் ஆனபோது இடது பக்கக் கருவி கீச்சென்று கத்திவிட்டு நின்றது. ஆயிரத்து அறுநூறு.

"நின்னுடுச்சு" என்றார் தலைவர்.

"காலிபரேஷன்..." என்று வாயெடுத்தார் அத்தான்.

அறையே வெடித்துச் சிரித்தது. அந்த வார்த்தையை அவரிடம் கேட்காத ஆள் அந்த அறையில் இல்லை. மளிகைக் கடைக்காரர் எழுந்து நின்று, "மூணு தடவை இறக்கி ஏத்தணுமா அண்ணே?" என்று கேட்டார். அத்தான் அப்படியே நாற்காலியில் குறுகிப்போனார்.

வலது பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. இரண்டாவது டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு மணி ஐம்பத்தேழு நிமிஷத்தில் அதுவும் நின்றது. தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார்.

அப்போது ஊசி எழுந்தாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை. "இதே மாதிரி நூத்துக்கணக்குல நானே பண்ணியிருக்கேன். இவர் சொல்லிப் பண்ணேன். தெரிஞ்சுதான் பண்ணேன். இவரோட கால் வெந்ததுல எனக்கும் பங்கு இருக்கு" என்று டிரைவரைக் காட்டினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். எந்தக் குழுவுல என் படத்தைப் போட்டாரோ, அதே குழுவுல அவர் படத்தை அவரே போடணும். நான் சொல்ற வார்த்தையைத்தான் எழுதணும்."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அவர் போடட்டும். நீயும் உன் படத்தைப் போட்டு, நீ பண்ணதை எழுது. ஆறு மாசம் உனக்குச் சங்கத்துல இடம் கிடையாது."

ஊசி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தன் போனை எடுத்து எல்லோருக்கும் முன்னால் முதலில் எழுதினாள். பிறகு அத்தான் எழுதினார். ஊசி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "பழைய பேட்டரியைப் புதுசு என்று விற்றேன். தீக்காயம் பட்டவரிடம் பொய் சொன்னேன். பழியை என் மச்சினி மேல் போட்டேன்." அத்தானின் கட்டைவிரல் எழுத்துகளைத் தப்புத் தப்பாகத் தொட்டது. ஊசி விடவில்லை. "எழுத்துப் பிழை இருக்கு. திருத்துங்க" என்றாள்.

முப்பது போன்கள் ஒரே நேரத்தில் டிங் என்றன.

மறுநாள் காலை கடை திறந்ததும் அக்கா வந்தாள். தெருவைக் கடந்து அவள் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. உட்கார இடமில்லை. நின்றபடியே கேட்டாள்.

"திருப்தியா?"

"பாதி."

"இன்னும் என்னடி பாதி?"

"அன்னைக்கு அவங்க என்னை அடிச்சப்போ ரசீதுப் புத்தகத்துல என்ன எழுதிட்டிருந்தே?"

அக்கா சற்றும் தயங்கவில்லை. "தேதி. அந்த நாள் தேதியையே திரும்பத் திரும்ப எழுதிட்டிருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். நீ சின்னவ, கையில தொழில் இருக்கு, எங்கே தூக்கிப் போட்டாலும் பொழைச்சுக்குவேன்னு நெனச்சேன். அவர் விழுந்தா எழுந்திருக்க மாட்டார். எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"அதனால என்னைத் தூக்கிப் போட்டுட்டே."

"ஆமா. போட்டேன்."

ஊசி இதற்குத் தயாராக இல்லை. அக்கா அழுவாள், சத்தியம் பண்ணுவாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்பாள், அப்போது கிழித்துத் தொங்கவிடலாம் என்று இருந்தாள். ஆமாம் என்று சொல்கிறவளை என்ன செய்வது? மேசைமேல் கிடந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்து டப்பாவில் போட்டாள். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அத்தான் கடை அடுத்த இரண்டு மாதத்தில் மூடப்பட்டது. மருத்துவச் செலவு முழுவதையும் டிரைவருக்குக் கொடுக்க வைத்தது சங்கம். இப்போது அத்தான் வேறொரு ஊர் பஸ் நிலையத்தில் போன் உறைகள் விற்கிறார் என்று கேள்வி. நன்றாகத்தான் பேசி விற்கிறாராம். அக்கா ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதப் போகிறாள். பிள்ளைகளின் பள்ளி மாறவில்லை. எதிர்க்கடை இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வந்துவிட்டது. முதல் சில வாரம் ஊசிக்குக் காலையில் நிமிர்ந்து பார்த்தால் என்னவோ வெறிச்சென்று இருந்தது. திட்டுவதற்கு ஒரு முகம் இல்லாமல் வேலை ஓடவில்லை. பிறகு ஓடியது. இப்போதும் அவள் விற்கும் ஒவ்வொரு பேட்டரியோடும் ஒரு சீட்டு உண்டு, இறக்கிப் பார்த்த எண்ணோடு. காலிபரேஷன் செய்யாமல் போனை யாரிடமும் கொடுப்பதில்லை. அவசரம் என்று துள்ளுகிறவர்களை வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுவாள்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு சின்ன வீடு பார்த்துக் கொடுத்தாள். அம்மா கிழமை பிரித்து வைத்திருக்கிறாள். ஞாயிறு பெரியவளுக்கு, புதன் சின்னவளுக்கு. இரண்டு பேரும் ஒரே நாளில் வந்துவிட்டால் நான் யார் பக்கம் உட்காருவது என்பாள்.

ஒரு புதன்கிழமை ஊசி செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டாள். "அவ போன வாரம் அழுதா. நீ கொஞ்சம் இறங்கி வந்தா என்ன?"

"அத்தானைப் பத்தியா அழுதா, என்னைப் பத்தியா?"

"கேக்கலை."

"கேட்டுச் சொல்லு."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "உனக்கு இன்னும் மனசு ஆறலையா?"

ஊசி யோசித்துப் பார்த்தாள். அத்தானை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. அந்த டிங் சத்தத்தை நினைத்தால் இப்போதும் இனித்தது.

"ஆறலைம்மா. ஆனா தூக்கம் வருது."

"சரி. கையைக் கழுவிட்டு வா" என்றாள் அம்மா.